முதல் குளிர்காலமும் குழந்தையின் எக்ஸிமாவும்

குளிர்நாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெற்றோர் பலர், முதல் சில மாதங்களிலேயே குழந்தையின் கன்னமும் கைகால்களும் சொரசொரத்துப் போய், இரவெல்லாம் அது சொறிந்துகொண்டு அழுவதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். வெளியே உலர்ந்த குளிர்காற்று, உள்ளே நாள் முழுதும் ஓடும் ஹீட்டர் என்ற நிலையில் தோலின் ஈரம் வற்றிவிடுவதால், அதுவரை அடங்கிக் கிடந்த எக்ஸிமா என்ற அரிப்புள்ள தோல் அழற்சி தலைகாட்டுவதும், இலேசாக இருந்தது முற்றுவதும் இயல்பே. ஆனாலும் குளிர் இதைத் தூண்டுகிறதே தவிர, இதன் வேர் பெரும்பாலும் குழந்தையின் உடலமைப்பிலேயே இருக்கிறது. தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் ஏற்படும் மாற்றங்களுக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பு 2006இல் கண்டறியப்பட்டது. குடும்பத்தில் ஆஸ்துமாவோ ஒவ்வாமைத் தும்மலோ உள்ள குழந்தைகளுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். இது ஒட்டிக்கொள்ளும் நோய் அன்று. வளர வளரப் பலருக்குத் தணிந்துவிடும், சிலருக்கு நீடிக்கும்.

மருத்துவரிடம் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எக்ஸிமாவைப் பற்றிய கையேடுகள் பலவற்றில் வெளிர்ந்த தோலின் படங்களே இருக்கும். சிவந்த திட்டு என்பதே அவை சொல்லும் அடையாளம். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். அழற்சி கரும்பழுப்பாகவோ ஊதா கலந்தோ சாம்பல் நிறத்திலோ தெரியும்; சில குழந்தைகளுக்கு மயிர்க்கால்களைச் சுற்றி மணலைத் தூவியது போன்ற சிறு பருக்களாகவும் வரும். சிவப்பை மட்டும் வைத்துக் கடுமையை அளவிட்டால், மோசமான எக்ஸிமாவும் இலேசானதாகக் கணக்கிடப்பட்டுவிடும். ஆகவே ஜன்னல் வெளிச்சத்தில் குழந்தையின் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து, மணிக்கட்டு ஆகியவற்றைப் பார்ப்பதோடு விரலின் புறப்பகுதியால் தடவியும் பாருங்கள். சூடும் தடிப்பும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரியும். நோய் உச்சத்தில் இருக்கும் நாளில் படம் எடுத்து வையுங்கள், ஏனெனில் மருத்துவரைப் பார்க்கும் நாளில் அது அடங்கியிருக்கக்கூடும். வாரத்தில் எத்தனை இரவு தூக்கம் கெடுகிறது என்பதைச் சொல்லுங்கள்; அது எந்த விவரிப்பையும்விடத் தெளிவாகப் பேசும். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்பதிவின்போதே கேட்பது நல்லது. மூத்த பிள்ளையை அந்த வேலைக்கு அமர்த்துவது சரியாகாது.

மருந்துச்சீட்டில் முதலில் வருவது மாய்ஸ்சரைசர். மருந்தே தராமல் வெறும் கிரீமைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று பலர் குறைப்படுகிறார்கள்; உண்மையில் சிகிச்சையின் அடித்தளமே அதுதான், தவறுவது அளவில்தான். உடல் முழுதும் உலர்ந்திருக்கும் குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படலாம். சிறு குழாய் ஒன்று ஒரு மாதத்துக்கு வருகிறது என்றால், பூசுவது போதவில்லை என்றே பொருள். லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் ஆகிய நான்கையும் குழந்தைகளிடம் ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வில், நோயைக் கட்டுப்படுத்துவதில் அவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே வாசனை சேர்க்காத எதைக் குழந்தை அழாமல் ஏற்கிறதோ, அதையே தினமும் இருமுறையேனும், தோல் நன்றாக இருக்கும் நாட்களிலும், முடி வளரும் திசையில் தடவி வாருங்கள். டப்பாவாக இருந்தால் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். இல்லையேல் கிருமி உள்ளே போய்விடும். கிரீம் ஊறிய துணியும் படுக்கையும் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் அருகில் கவனம் தேவை.

குளியல் வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். சோப்பும் நுரைக் குளியலும் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் பூசிவிட வேண்டும். கம்பளி உடை நேரடியாகத் தோலில் படாதிருக்க உள்ளே பருத்தி ஆடையும், படுக்கையறையில் மிதமான வெப்பமும், வெட்டிய நகங்களும் சொறிவதை ஓரளவு குறைக்கும்.

அழற்சி கிளம்பியபின் மாய்ஸ்சரைசர் மட்டும் போதாது, ஸ்டீராய்டு களிம்பு வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டதுமே பெற்றோர் பயந்து, கடுகளவு தொட்டுத் தடவி, இரண்டே நாளில் நிறுத்திவிடுவது எங்கும் நடக்கிறது. என் பார்வையில், குழந்தைகள் மாதக்கணக்கில் சொறிந்து தவிப்பதற்கு இந்த அரைகுறைச் சிகிச்சையே பெரிய காரணம். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கி வைக்கும் களிம்பு ஏறக்குறைய அரை கிராம். விரல்களைச் சேர்த்து வைத்த, பெரியவரின் இரண்டு உள்ளங்கைகள் மூடும் பரப்புக்கு அது போதும். முகத்துக்கு வீரியம் குறைந்ததும், உடலுக்குத் தேவைக்கேற்பச் சற்றுக் கூடியதும் தருவார்கள். அதை மருத்துவர் சொன்னபடி ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, சொரசொரப்பு மறையும்வரை பூசினால், தோல் மெலியும் அபாயம் மிகக் குறைவு. மாய்ஸ்சரைசருக்கும் இதற்கும் இடையே இருபது நிமிடமாவது விடுங்கள். அழற்சி அடங்கியபின் எஞ்சும் கருமையோ வெளிறலோ பெரும்பாலும் நோய் விட்டுச்சென்ற சுவடு. மறையப் பல மாதங்கள் ஆகும், அதற்காகக் களிம்பைத் தொடர வேண்டியதில்லை. அடிக்கடி திரும்ப வந்தால், வாரத்தில் அடுத்தடுத்த இரு நாட்கள் மட்டும் பூசும் முறையையும், ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் போன்ற களிம்புகளையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது, கையோடு கொண்டுவந்த கலவைக் களிம்புகளுக்குத்தான். வீரியம் மிகுந்த ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்த குழாய்களும், உள்ளடக்கம் எழுதாத டப்பாக்களும் குழந்தையின் தோலுக்கு ஏற்றவை அல்ல. ஏற்கெனவே பூசியிருந்தால் மறைக்காமல் அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உணவை நிறுத்துவதில் அவசரம் கூடாது. பால், முட்டை ஆகியவற்றைத் தாமாகவே நிறுத்திவிட்டுக் குழந்தையின் எடை குறைவதைப் பார்த்துக் கலங்கும் வீடுகள் உண்டு. சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமையும் சேர்ந்தே இருக்கும் என்பது மெய். உண்டவுடன் தடிப்பு, வாந்தி, உதட்டு வீக்கம் வந்தால் பரிசோதனை தேவை. ஆனால் கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள கைக்குழந்தைகளுக்கு வேர்க்கடலை உணவைச் சீக்கிரமே கொடுத்ததால் அதன் ஒவ்வாமை பெருமளவு குறைந்தது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தகைய குழந்தைக்கு அதை எப்போது, எப்படித் தொடங்குவது என்பதை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

திட்டுகளில் நீர் வடிந்து மஞ்சள் பொருக்கு கட்டினால் கிருமித்தொற்று என்று கருதி, அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். வலியுடன் கூடிய, ஒரே அளவிலான சிறு கொப்புளங்களோ குழிப்புண்களோ கூட்டமாகத் தோன்றிக் காய்ச்சலும் வந்தால், அது ஹெர்பிஸ் வைரஸ் பரவியதாக இருக்கலாம். காலையாகட்டும் என்று காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அதே வைரஸால் உதட்டில் அக்கிப் புண் வந்துள்ளவர்கள், புண் ஆறும்வரை குழந்தையை முத்தமிடாமல் இருப்பது நல்லது. குழந்தையைக் காப்பகத்திலோ பள்ளியிலோ சேர்க்கும்போது, மாய்ஸ்சரைசர் டப்பா ஒன்றையும், எப்போது எங்கே பூசுவது என்று மருத்துவர் எழுதிய தாளையும், இது ஒட்டாத நோய் என்ற ஒரு வரியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.