வாசனை மெழுகுவர்த்தியில் எல்லாரும் கோட்டை விடுகிற இடங்கள்

வகுப்பு முடிந்த வாரமே வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கிவிடும். "அக்கா, நடுவுல மட்டும் உருகுது, ஓரத்துல அப்படியே நிக்குது." "அக்கா, மேல எண்ணெய் மாதிரி வேர்த்திருக்கு." "அக்கா, வாசனையே வரல, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தே ஜார் கேண்டில் செய்கிறேன், கற்றும் தருகிறேன். கற்க வருகிறவர்கள் மாறுகிறார்கள், படங்கள் மாறவில்லை. தொடக்கத்தில் என் அலமாரியில் நின்ற ஜார்களும் இப்படித்தான் இருந்தன.

எரியும் மெழுகுவர்த்தியைக் குழந்தை கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள், திரைச்சீலை பக்கத்தில் வைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். காசையும் பெயரையும் கெடுக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வாசனையைச் சொட்டில் கணக்கிடுவது

"ஒரு ஜாருக்கு 20 சொட்டு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 20 சொட்டு என்பது தோராயமாக ஒரு மில்லி. 200 கிராம் மெழுகில் ஒரு மில்லி போட்டால் அரை சதவீதம்தான் வரும். மூடியைத் திறந்து மூக்கைக் கிட்டே வைத்தால்கூடச் சரியாகத் தெரியாது. ஜாரில் ஊற்றும் சோயா வேக்ஸுக்கு, அதாவது சோயா எண்ணெயிலிருந்து செய்யும் மெழுகுக்கு, பொதுவாக 6 முதல் 10 சதவீதம் வரை வாசனை எண்ணெய் சேர்க்கிறோம். 200 கிராம் மெழுகுக்கு 8 சதவீதம் என்றால் 16 கிராம். மில்லி இல்லை, கிராம். ஒவ்வொரு எண்ணெயின் அடர்த்தியும் வேறு, அதனால் மில்லிக் கணக்கில் ஊற்றினால் ஒவ்வொரு தடவையும் அளவு மாறிப் போகும். ஒரு கிராம் துல்லியத்தில் எடை காட்டும் சின்னத் தராசு இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்கவே வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மணம் வரவில்லை என்றதும் 10, 12, 15 சதவீதம் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். மெழுகு தன்னால் பிடித்துவைக்க முடிந்த அளவுக்குத்தான் எண்ணெயை வைத்துக்கொள்ளும். மிச்சம் மேலே வேர்வையாக வெளியே வரும். அல்லது திரியில் ஏறி அடைத்துக்கொள்ளும், புகை கக்கும். ஒவ்வொரு வேக்ஸுக்கும் உச்ச அளவு எவ்வளவு என்று தயாரிப்பாளர் கொடுத்திருப்பார், அதைத் தாண்டக் கூடாது. மெழுகுவர்த்தியை எரியவிட்ட பிறகும் மணம் பரவவில்லை என்றால், முக்கால்வாசி நேரம் குற்றவாளி எண்ணெய் இல்லை. அடுத்து வருவதுதான்.

ஒரே திரியை எல்லாவற்றுக்கும் போடுவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். தவறு செய்கிறவர்கள் மேல் இல்லை. "இந்த ஜாருக்கு இந்தத் திரி" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிற வீடியோக்கள் மேல்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு ஆர்டர் ஒன்று வந்தது. ரிட்டர்ன் கிஃப்டாகக் கொடுக்க நூறு ஜார். முதலில் லாவெண்டரில் மாதிரி செய்தாள், ஏற்றிப் பார்த்தாள், அருமையாக எரிந்தது. கடைசி நேரத்தில் அந்த வீட்டார் வெனிலாவும் சந்தனமும் கலந்த வாசனை வேண்டும் என்றார்கள். ஜார் அதே, வேக்ஸ் அதே, எண்ணெயின் சதவீதம்கூட அதே. திரியையும் அதையே போட்டு ஊற்றிக் கொடுத்துவிட்டாள். விழா முடிந்து கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஏற்றி அரைமணி நேரத்தில் சுடர் சிறுத்துப்போய், உருகிய மெழுகுக்குள்ளேயே முங்கி அணைகிறது. திரும்ப ஏற்றினால் நடுவில் கிணறு மாதிரி இறங்குகிறது, ஓரத்து மெழுகு அசையவே இல்லை. முழுப் பணத்தையும் அவள் திருப்பிக் கொடுத்தாள். வேக்ஸ், எண்ணெய், டப்பா, ரிப்பன் எல்லாம் போச்சு. அதைவிட, அந்தக் குடும்பம் வழியாக வந்திருக்க வேண்டிய ஆர்டர்கள் போச்சு.

லாவெண்டர் எண்ணெய் லேசானது. வெனிலா, சந்தனம் போன்றவை கனமானவை, திரியில் மெதுவாகத்தான் ஏறும். அவற்றுக்கு ஒரு அளவு பெரிய திரி தேவைப்படலாம். ஜாரின் விட்டம், வேக்ஸின் வகை, வாசனை எண்ணெய், அதன் சதவீதம், சாயம் ஆகிய ஐந்தில் எது மாறினாலும் திரியை மறுபடி சோதிக்க வேண்டும்.

பூஜை அறைக் குத்துவிளக்கை நினைத்துப் பாருங்கள். திரி கருகினால் நுனியைத் தட்டிவிடுகிறோம், சுடர் இறங்கினால் தூண்டிவிடுகிறோம். ஜாருக்குள் இருக்கும் திரியைத் தூண்ட யாரும் இல்லை. அதுவே மெழுகை உறிஞ்ச வேண்டும், தானே வளைந்து, சுடரின் ஓரத்துக்குப் போய் எரிந்து தீர வேண்டும். அதற்காகத்தான் மெழுகுவர்த்தித் திரியைப் பின்னுகிறார்கள். 1825இல் பிரான்சில் கம்பசெரெஸ் என்பவர் இந்தப் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். அதுவரை கத்தரியை வைத்துக்கொண்டு கருகிய நுனியை அடிக்கடி வெட்டிவிட்டுக்கொண்டு இருந்தார்கள். எனவே விளக்குக்கு விற்கும் பஞ்சுத் திரியை ஜாரில் நட்டு வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அது வேறு வேலைக்குச் செய்த திரி. விளக்கில் நன்றாக எரிகிறது என்பதால் மெழுகிலும் எரிந்துவிடாது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. திரியை "6 இன்ச், 8 இன்ச்" என்று நீளம் மட்டும் போட்டு விற்கிறார்கள். நீளத்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, எப்படியும் வெட்டத்தான் போகிறீர்கள். திரியின் வகை என்ன, அந்த வகையில் எத்தனையாவது அளவு, எவ்வளவு விட்டம் வரை உருக்கும் என்பதுதான் தேவை. சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். அடுத்த தடவை அதே பெயரில் வேறு திரி வந்து சேரும், நீங்கள் செய்த சோதனையெல்லாம் வீணாகும்.

சோதனையை எப்படிச் செய்வது? ஒரே மாதிரி மூன்று ஜார் எடுங்கள். வேக்ஸ், வாசனை, சதவீதம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும், திரி மட்டும் அடுத்தடுத்த மூன்று அளவு. சோயா என்றால் ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம் மூடி வையுங்கள். பிறகு திரியை 5, 6 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட்டு ஏற்றி, 3 முதல் 4 மணி நேரம் எரியவிடுங்கள். சுடரைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகுக் குளம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், திரி நுனியில் காளான் மாதிரிக் கரி கட்டுகிறதா, கண்ணாடி கறுக்கிறதா, வெளிப்பக்கம் எவ்வளவு சூடு எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். அணைத்து, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஏற்றுங்கள். இப்படி அடி வரை போக வேண்டும்.

அடி வரை என்பதை அழுத்திச் சொல்கிறேன். பலரும் முதல் தடவை ஏற்றியதோடு தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஓரம் வரை உருகிவிட்டது, திரி பிரமாதம் என்கிறார்கள். அது பெரும்பாலும் பெரிதான திரி. மெழுகு கீழே இறங்க இறங்கச் சுடரைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர் உயர்கிறது, சூடு உள்ளேயே தங்குகிறது. மேலே நிதானமாக எரிந்த அதே திரி கீழ்ப்பாதியில் வேகம் பிடிக்கும். மேலேயே வேகமாக இருந்த திரி, அடிக்கு வரும்போது கண்ணாடியைத் தொட முடியாதபடி சுடவைக்கும், வெடிக்கவும் வைக்கும். முதல் தடவை ஓரத்தில் மெல்லிய வளையமாக மெழுகு நின்றால் பயப்படாதீர்கள். கீழே போகும்போது அது பிடித்துக்கொள்ளும். விட்டத்தில் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும் சுமார் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு பொறுமையாகப் பாருங்கள். குளத்தின் ஆழம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிப் போனால் திரியைக் குறையுங்கள்.

மணமும் இந்தக் குளத்திலிருந்துதான் எழும்புகிறது. ஹாட் த்ரோ என்று எல்லாரும் தேடுவது, எரியும்போது பரவும் இந்த மணத்தைத்தான். குளம் சிறுத்தால், 10 சதவீத எண்ணெயை ஊற்றியிருந்தாலும் அது உருகாத மெழுகுக்குள்ளேயே கிடக்கும்.

அப்புறம், ஃபேன். கதவு ஜன்னல் அடைத்து, ஃபேனை நிறுத்திச் சோதிக்கிறோம். வாங்குகிறவர் ஃபேனுக்குக் கீழேதான் ஏற்றுவார், நம் வீடுகள் அப்படி. கடைசிச் சுற்றில் ஒருமுறை அறையில் ஃபேனை ஓடவிட்டும் பாருங்கள். சுடர் ஒரு பக்கம் சாய்ந்து அந்தப் பக்கக் கண்ணாடி கறுத்தால், அந்தத் திரியை ஒரு அளவு குறைத்துப் பார்க்க வேண்டும்.

மறுநாளே ஏற்றிப் பார்த்துவிட்டு மணமில்லை என்பது

ஊற்றிய பிறகு மெழுகை மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும். பாரஃபின், அதாவது பெட்ரோலியத்திலிருந்து வரும் மெழுகு, என்றால் இரண்டு மூன்று நாள். சோயா என்றால் மேலே சொன்னபடி வாரக்கணக்கு.

ஃபிளாஷ் பாயிண்டைக் கண்டு பயப்படுவது

எண்ணெயின் ஃபிளாஷ் பாயிண்ட் 65 டிகிரி, எனவே 65க்கு மேல் சூடான மெழுகில் ஊற்றினால் மணம் ஆவியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. இதனால் மெழுகை ஆறவைத்து, கட்டிதட்டும் நேரத்தில் எண்ணெயை ஊற்றுகிறார்கள், அது சரியாகக் கலப்பதில்லை. ஃபிளாஷ் பாயிண்ட் சொல்வது வேறு. அந்தச் சூட்டில் எண்ணெயிலிருந்து எழும் ஆவி, பக்கத்தில் தீயோ பொறியோ இருந்தால் பற்றிக்கொள்ளும் என்பதுதான் அது. மணம் போய்விடும் என்பது இல்லை. பல சோயா வேக்ஸ்களுக்கு 75 முதல் 85 டிகிரியில் எண்ணெய் சேர்த்து, இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குவது சரி. கேஸ் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை அங்கிருந்து தள்ளி எடுத்து வைத்த பிறகு சேர்க்க வேண்டும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

கையில் கிடைத்த வாசனையை ஊற்றுவது

கேக்குக்குப் போடும் வெனிலா எசென்ஸ் மெழுகில் கலக்காது. உடலில் அடிக்கும் சென்ட்டில் ஆல்கஹால் இருக்கிறது, சூடான மெழுகுக்குப் பக்கத்தில்கூட அது வேண்டாம். ஊதுபத்திக்கு விற்கும் வாசனைகளில் நீர்த்துப்போகச் செய்யும் திரவம் நிறையச் சேர்ந்திருக்கும். விலை குறைவு என்று வாங்கினால் திரி திணறும்.

"இயற்கையானது மட்டும்தான் போடுவேன்" என்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 10 மில்லி நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் மல்லிகை எசென்ஷியல் ஆயிலில் மல்லிகை இல்லை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பக்கத்திலேயே பூவிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. ஒரு கிலோ சாறு எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். அதை மெழுகில் ஊற்றி எரிக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. மெழுகுவர்த்திக்கென்று செய்த வாசனை எண்ணெய் என்று சொல்லி விற்பதில் ஒரு வெட்கமும் வேண்டியதில்லை. இயற்கை என்று பொய் சொல்வதுதான் தப்பு.

கற்பூரம் போடுவது

கொசு போகும் என்று போடுகிறார்கள். எளிதில் தீப்பற்றும் பொருளைச் சூடான மெழுகில் போடாதீர்கள்.

மேலே காய்ந்த ரோஜா, பட்டை, காபிக் கொட்டை

படத்துக்கு அழகு. ஏற்றினால் ஒவ்வொன்றும் இன்னொரு திரி.

கிரேயான் உருக்கி நிறம் சேர்ப்பது

அதன் நிறமிகள் திரியை அடைக்கும். மெழுகுக்கான சாயம் கிடைக்கிறது.

எதில் வேண்டுமானாலும் ஊற்றுவது

ஜாம் பாட்டில், மெல்லிய தம்ளர், தேங்காய்ச் சிரட்டை, மண் சட்டி எல்லாவற்றிலும் ஊற்றுகிறார்கள். பழசை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கழுத்து குறுகிய பாட்டிலில் சூடு தோள்பட்டையில் முட்டி நிற்கும், விரிசல் அங்கேதான் தொடங்கும். பூச்சில்லாத மண் பாத்திரம் உருகிய மெழுகைக் குடிக்கும். ஊறிய சுவரே திரியாகி எரிய வாய்ப்பு உண்டு. சிரட்டை எரியும் பொருள், அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. அடி கனமான, வாய் நேரான கண்ணாடி எடுங்கள். அமெரிக்காவில் மெழுகுவர்த்திக் கண்ணாடிக்கென்றே ஏ.எஸ்.டி.எம். எஃப் 2179 என்று ஒரு தரநிலை இருக்கிறது. மொத்தமாக வாங்கும்போது அதைச் சொல்லி விசாரியுங்கள். கீறல் விழுந்த ஜாரை விற்பனைக்கு எடுக்காதீர்கள்.

கத்திரி வெயிலில் கூரியர் போடுவது

ஜாருக்கான சோயா வேக்ஸ் பெரும்பாலும் 46 முதல் 50 டிகிரிக்குள் உருகிவிடும். மே மாதம் வேலூரிலும் கரூரிலும் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது, பூட்டிய வண்டிக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். மேற்பரப்பு மழமழவென்று அனுப்பிய ஜார், சாய்ந்து உறைந்து, மூடியில் மெழுகு ஒட்டிப் போய்ச் சேரும். ஏப்ரல் முதல் ஜூன் வரை உருகுநிலை கூடிய கலப்பு மெழுகுக்கு மாறுங்கள், திரியை அதற்கும் தனியாகச் சோதித்து. இல்லையென்றால் அந்த மாதங்களில் வெளியூர் ஆர்டர் எடுக்காமல் இருங்கள். வார இறுதியில் அனுப்பினால் ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்கும், திங்கட்கிழமை அனுப்புங்கள்.

சோயாவில் மேலே வெள்ளையாகப் பனி பூத்தது போல் வருவதும், கண்ணாடியை விட்டு மெழுகு அங்கங்கே விலகித் தெரிவதும் குறை இல்லை. அதற்காக உருக்கி மறுபடி ஊற்றி வேலையை இழுக்காதீர்கள்.

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது

கூடாது. கொதிக்கும் மெழுகில் தண்ணீர் பட்டால் வெடித்துச் சிதறித் தீயைப் பரப்பும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடுங்கள். பொருந்தும் மூடி ஒன்றை உருக்கத் தொடங்கும் முன்பே பக்கத்தில் எடுத்து வையுங்கள்.

லேபிள் ஒட்டாமல் கொடுப்பது

திரியை 5 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட்டு ஏற்றவும், ஒரே நேரத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் எரிக்க வேண்டாம், அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே நிறுத்தவும், ஃபேனுக்கு நேர்கீழே வைக்க வேண்டாம். இந்த நான்கு வரியும் அடியில் ஒட்டிய லேபிளில் இருக்க வேண்டும். தமிழிலும் அச்சடியுங்கள். பரிசாகப் போகிற ஜாரை ஏற்றப்போவது உங்களிடம் விளக்கம் கேட்டு வாங்கியவர் இல்லை, அவர் வீட்டுப் பாட்டியாகவும் இருக்கலாம்.