பழைய சைக்கிளில் துருவேறி இறுகிய காட்டர் பின்னைக் கழற்றுவது எப்படி?

பழைய இரும்புச் சைக்கிளை மிதிக்கும்போது, பெடல் ஒரு சுற்று வரும் ஒவ்வொரு முறையும் காலுக்கடியில் ‘டக்’ என்று ஓர் அசைவு தெரிந்தால், பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கை நடு அச்சோடு பிணைத்திருக்கும் காட்டர் பின் தளர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். புதியது சில ரூபாய்க்குக் கிடைத்துவிடும். பழையதை வெளியே எடுப்பதுதான் உண்மையான வேலை. சென்னையில் கடல் காற்று படும் திருவான்மியூரிலும் இராயபுரத்திலும் அந்த வேலை இன்னும் கடினம்.

என் தந்தை கிண்டி தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் ஓட்டிச் சென்ற சைக்கிள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி வீட்டு வாசலில் முழங்கால் அளவு நீரில் நின்றது. அதைச் சரிசெய்யும்போது கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

காட்டர் என்பது ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்ட சிறிய உருளை. அதாவது ஓர் ஆப்பு. அதன் சரிவான முகம் அச்சில் வெட்டப்பட்டுள்ள தட்டையான பள்ளத்தில் அழுந்தி உட்கார்ந்திருக்கும். மெல்லிய முனையில் மரையும் நட்டும் இருக்கும். பல ஆண்டு மிதியின் அழுத்தத்தில் ஆப்பு இறுகுகிறது. இரும்பு துருவாகும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், எஞ்சியிருந்த சிறு இடைவெளியும் மூடிவிடுகிறது. எனவே மெல்லிய முனையிலிருந்து தடித்த முனையை நோக்கித் தள்ளினால் மட்டுமே அது வெளியே வரும்.

தேவையானவை: துருவை இளக்கும் எண்ணெய், பொருத்தமான ஸ்பேனர், ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல், கண்ணைக் காக்கும் கண்ணாடி, கனமான இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று. குழாயின் உள்விட்டம் காட்டரின் தடித்த முனை தாராளமாக நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும். புதுப்பேட்டையின் பழைய இரும்புக் கடைகளில் இத்தகைய துண்டு கிடைக்கும்.

முதல் நாள் மாலையில் செயின் கவரைக் கழற்றிவிட்டு, காட்டரின் இரு முனைகளிலும் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து நீக்கி, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சைக்கிளைச் சற்றுச் சாய்த்து வைத்தால் எண்ணெய் உள்ளே இறங்கும். இரவில் ஒருமுறையும் மறுநாள் காலையில் ஒருமுறையும் இதைத் திரும்பச் செய்யுங்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க வேண்டாம்.

மறுநாள் நட்டைத் தளர்த்துங்கள். ஆனால் முழுவதுமாகக் கழற்றாதீர்கள். நட்டின் மேல்முகமும் மரையின் நுனியும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிறுத்தினால், அடி விழும்போது மரை முனை வளையாமல் காப்பாற்றப்படும். வளைந்த முனை துளை வழியாக வராது என்பதால் இது முக்கியம்.

அடுத்ததுதான் இந்த வேலையின் உயிர்நாடி. கிராங்கைத் தரைக்கு இணையாக, நட்டு மேலே பார்க்கும்படி திருப்புங்கள். காட்டரின் தடித்த முனை குழாயின் துளைக்குள் அமைய, குழாயின் விளிம்பு கிராங்கின் அடிப்பகுதியைத் தாங்க, குழாயின் மறுமுனை கெட்டியான சிமென்ட் தரையில் நிற்க வேண்டும். சைக்கிளின் எடை அந்தக் குழாயின் மீது இறங்கியிருக்க வேண்டும். குழாய் குட்டையாக இருந்தால் அடியில் இரும்புத் தகடு வையுங்கள். வலப்பக்கத்தில் குழாய் பல்சக்கரத்தைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையெனில் சக்கரம் கோணிவிடும். முதல் முயற்சியில் நான் தாங்கல் வைக்காமலே அடித்தேன். காட்டர் அசையவில்லை, அடியின் வேகம் முழுவதும் நடு அச்சுக்குள் போய், குண்டுகள் ஓடும் கப்பில் குழி விழுந்துவிட்டது. தந்தை அத்தனை ஆண்டுகள் பழுதின்றி வைத்திருந்த கப் அது என்பதால், இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

கண்ணாடி அணிந்து, ஒருவரைச் சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி, நட்டின் மீது நேராக, முழு வலுவோடு ஓர் அடி கொடுங்கள். சிறு சுத்தியலால் இருபது முறை தட்டினால் மரை முனை மலர்ந்து மேலும் இறுகும். கனமான சுத்தியலின் ஓர் அடி துருவின் பிடியை உடைக்கும். அசைந்துவிட்டால் நட்டைக் கழற்றி, பஞ்ச் எனப்படும் இரும்புக் குத்துக்கம்பியை வைத்து மீதியைத் தள்ளலாம். நான்கைந்து அடிக்கும் அசையாவிட்டால் நிறுத்தி, மீண்டும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் தீ பற்றக்கூடும் என்பதால், சூடேற்றும் வழியைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மரை முனை வளைந்துவிட்டால், அதை ஹாக்ஸா பிளேடால் கிராங்கின் மட்டத்துக்கு அறுத்து, நடுவில் பஞ்ச் கொண்டு குறியிட்டு, முதலில் 3 மி.மீ., பிறகு 6 மி.மீ. அளவில் துளையிடுங்கள். உள்ளே இருக்கும் இரும்பு குறைந்ததும் காட்டரின் இறுக்கம் தளர்ந்து, பஞ்ச் வைத்து அடிக்கும் அடிக்கு இணங்கும். துளை நேராக இறங்க வேண்டும்; சாய்ந்தால் கிராங்க் பழுதாகும்.

பழைய காட்டரைக் கையோடு எடுத்துச் சென்று புதியதை வாங்குங்கள். ஆங்கிலேய அமைப்பைப் பின்பற்றிய சைக்கிள்களில் 9.5 மி.மீ. விட்டமே வழக்கம், ஆனால் 9 மி.மீ. காட்டர்களும் இருப்பதால் அளந்து பார்ப்பது நல்லது. இரு காட்டர்களையும் எதிரெதிர்த் திசையில் பொருத்த வேண்டும்: கிராங்குகள் தரைக்கு இணையாக இருக்கும்போது ஒன்றின் நட்டு மேலேயும் மற்றதன் நட்டு கீழேயும் இருக்கும். தவறினால் பெடல்கள் ஒரே நேர்கோட்டில் அமையா. நட்டு போடுவதற்குப் போதிய மரை வெளியே வராவிட்டால், சரிவான முகத்தை அரத்தால் சீராக, சிறிது சிறிதாகத் தேயுங்கள்.

காட்டரை இறுக்குவது சுத்தியலின் வேலை. நட்டு அதைப் பிடித்து வைக்க மட்டுமே. ஆகவே குழாயை இப்போது மரை வரும் பக்கம் தாங்கலாக வைத்து, தடித்த முனையில் அடித்து உட்கார வைத்த பிறகே நட்டைப் பூட்டுங்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, மீண்டும் ஓர் அடி கொடுத்து நட்டை இறுக்குங்கள்.