ஹயலுரானிக் அமிலம் எவ்வளவு பெரியது, என்ன வடிவம்? மால்ஸில் அளந்து பார்க்கலாம்

பாக்டீரியா உறையிலிருந்து ஹயலுரானிக் அமிலத்தை, அதாவது ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலியை, பிரித்து, எத்தனாலில் வீழ்த்தி, உலர்த்தியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனி மூலக்கூறு எடை வேண்டும். எடை தெரிந்த புல்லுலான் (இதுவும் ஒரு சர்க்கரைச் சங்கிலி) ஸ்டாண்டர்டுகளை, மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் குழாயில் ஓட்டி, வெளிவரும் நேரத்தை ஒப்பிட்டு ஓர் எண்ணை எழுதிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மூலக்கூறு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதுதான் ஜெல்லுக்குத் தெரியும்; அதிக இடம் அடைப்பது முதலில் வெளிவரும். ஹயலுரானிக் சங்கிலி விறைப்பானது, மின்னூட்டமும் உண்டு. அதே எடையுள்ள புல்லுலானுக்கு முன்பே வந்துவிடும். எடை கூடுதலாகக் காட்டும். குழாய்க்கு அடுத்து பலகோண ஒளிச்சிதறல் டிடெக்டர், அதாவது மால்ஸும், செறிவை அளக்கும் ஆர்ஐ (ஒளிவிலகல்) டிடெக்டரும் இருந்தால், சிதறும் ஒளியிலிருந்தே எடை கிடைக்கும்; இந்த ஒப்பீடே தேவையில்லை.

1. பஃபர்: 0.1 மோலார் சோடியம் நைட்ரேட், பாக்டீரியா வளராமலிருக்க 0.02% சோடியம் அசைடு. சோடியம் குளோரைடும் வேலை செய்யும்; ஆனால் பம்பின் எஃகுக்கு நல்லதல்ல. உப்பே இல்லாமல் ஓட்டினால் மின்னூட்ட விலக்கத்தில் சங்கிலி விரிந்துபோகும். பஃபரை 0.1 மைக்ரானில் வடிகட்டுங்கள். ஒளிச்சிதறலுக்குத் தூசிதான் முதல் எதிரி.

2. கரைத்தல்: பெரும்பாலோர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பொடியைப் பஃபரில் தூவி, 4 டிகிரியில் இரவு முழுக்க மெதுவாக உருளவிடுங்கள். வோர்டெக்ஸ், சோனிகேட்டர் பக்கம் போகவே கூடாது. காலையில் தெளிவாக இருக்கிறதே என்று உடனே எடுத்துவிடாதீர்கள். குப்பியைச் சாய்த்தால் கண்ணாடி போன்ற ஜெல் துணுக்குகள் நகர்வது தெரியும். அவை போகும்வரை காத்திருங்கள். பிறகு 0.45 மைக்ரான் ஃபில்டர். சிரிஞ்சைத் தம்பிடித்து அழுத்தினால் நீளச் சங்கிலிகள் அறுந்துபோகும்.

செறிவையும் அடக்கி வாசியுங்கள். மூலக்கூறு எடை பத்து லட்சம் டால்டனுக்கு மேல் என்றால் மில்லிலிட்டருக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் போதும். சந்தேகமா? பாதி அளவைச் செலுத்துங்கள். பீக் (டிடெக்டர் வரைபடத்தில் எழும் மேடு) இடம் மாறினால் முதலில் செலுத்தியது அதிகம்.

3. ஓட்டம்: நிமிடத்துக்கு 0.5 மில்லிலிட்டர் அல்லது அதற்கும் குறைவு. எனக்குப் பிடித்த குழாய் ஷோடெக்ஸ் எஸ்பி-806எம் எச்க்யூ. ஆல்புமினை ஓட்டி டிடெக்டர்களைச் சமப்படுத்துவது கருவிக் கையேட்டிலேயே இருக்கிறது.

4. கணக்கு: மென்பொருள் டிஎன்/டிசி மதிப்பைக் கேட்கும்; செறிவு கூடக்கூட ஒளிவிலகல் எண் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் அது. நீர்ப் பஃபரில் ஹயலுரானிக் அமிலத்துக்கு இந்த மதிப்பு 0.15-ஐ ஒட்டி வரும். இதில் 10% பிழை என்றால் எடையிலும் கிட்டத்தட்ட 10% பிழை. கோணத்துக்குக் கோணம் மாறும் ஒளி அளவைக் கோட்டில் பொருத்த, ஸிம் முறையை விட்டுவிட்டு பெர்ரி முறையை எடுங்கள். பெரிய சுருள்களுக்கு அதுதான் ஒழுங்காகப் பொருந்துகிறது. செலுத்தியதில் எவ்வளவு வெளியே வந்தது என்பதையும் பாருங்கள். 70% என்றால் ஃபில்டரில் சிக்கியிருக்கலாம், அல்லது பொடியிலேயே ஈரம் இருந்திருக்கலாம்.

5. வடிவம்: பத்து லட்சம் டால்டன் சங்கிலியின் சுழற்சி ஆரம், அதாவது மையத்திலிருந்து சங்கிலி எவ்வளவு பரவியிருக்கிறது என்ற சராசரி அளவு, 100 நானோமீட்டரை ஒட்டி வரும். அதே எடையுள்ள உருண்டைப் புரதம் 10-ஐக்கூடத் தாண்டாது. சுழற்சி ஆரத்தையும் எடையையும் மடக்கை அளவில் வரையுங்கள். சாய்வு 0.33 என்றால் உருண்டை, 0.5 முதல் 0.6 வரை தளர்ந்த சுருள், 1 என்றால் கம்பி. உப்புப் பஃபரில் ஹயலுரானிக் அமிலம் 0.6 பக்கம் நிற்கும். கிளைவிட்ட சர்க்கரைகளில் சாய்வு 0.5-க்கும் கீழே இறங்கும். பீக்கின் வாலில் கோடு திடீரென்று மேலே வளைந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்; 10 நானோமீட்டருக்குக் கீழே கோண வேறுபாடே இருக்காது.

பின்சேர்க்கை: எடை நம்பமுடியாத அளவுக்கு அதிகமாக வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். 260 நானோமீட்டரில் புறஊதா சிக்னலைப் பாருங்கள். செல்லிலிருந்து டிஎன்ஏவும் எத்தனாலில் கூடவே வீழ்ந்து, அதே பீக்கில் வந்து உட்காரும். டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதி போட்டுச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் ஒரு பங்கை, ஹயலுரானிக் அமிலத்தை வெட்டும் ஹயலுரானிடேஸ் நொதியில் செரிக்கவைத்து ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் அந்த இடத்தில் பீக் நின்றால், அது ஹயலுரானிக் அமிலம் அல்ல.