மொட்டை மாடி மழைத்தண்ணிக் குழாய்: ஐப்பசிக்கு முன் பார்க்க வேண்டிய வேலை

1,000 சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர் சேரும். சென்னைப் பக்கம் பருவமழையில் ஒரே இரவில் 10 சென்டிமீட்டர் கொட்டுவது புதிதல்ல. குழாய் அடைத்துக்கொண்டால் 9 டன் எடை தளத்தின் மேல் ஏறும், தட்டோட்டு இடுக்குகளில் தண்ணீர் இறங்கி மச்சு ஒழுகும். புரட்டாசி முடிவதற்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

தளத்தைக் காய்ந்திருக்கும்போதே பெருக்க வேண்டும். ஹோஸ் பிடித்துக் கழுவினால் வேப்பஞ்சருகு, புறா இறகு, மண் எல்லாம் குழம்பாகிக் குழாய்க்குள்தான் போகும். பெருக்கியதும் குழாய் வாயை மூடியிருக்கும் ஜாலியை (ஓட்டை மூடியை) கழற்றி, குழாய் வாயில் பழந்துணியைச் செருகி, சுற்றியுள்ள சேற்றைக் கரண்டியால் சுரண்டி அள்ளுங்கள். பூந்தொட்டிக்கு ஆகும்.

துணியை எடுத்துவிட்டு 20 லிட்டர் வாளியில் இரண்டு வாளித் தண்ணீரை மடமடவென்று ஊற்றுங்கள். கீழே ஒருவர் நின்று பார்க்கட்டும். சுழித்துக்கொண்டு இறங்கினால் கவலையில்லை. வாயிலேயே தேங்கினால் அடைப்பு இருக்கிறது. அது நேர்க்குழாயில் இருப்பது அபூர்வம். கைப்பிடிச் சுவரைத் தாண்டியதும் வரும் முதல் எல்போ (குழாயின் வளைவுத் துண்டு), தரையருகே உள்ள கடைசி எல்போ, இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். குழாய் திரும்பும் இடத்தில் வேகம் குறைவதால் மண் அங்கே படிகிறது, சருகு அதில் சிக்குகிறது.

மேலிருந்து மூங்கிலாலோ கம்பியாலோ குத்த வேண்டாம். சருகு இன்னும் இறுகும், எல்போவும் விரிசல் விடும். கீழே டோர் பெண்ட் (திறக்கிற மூடி வைத்த எல்போ) இருந்தால் அதன் மூடியைத் திறந்து, முக்கால் இஞ்ச் ஹோஸைக் கீழிருந்து மேலே ஏற்றித் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். ஒதுங்கி நில்லுங்கள், வருவது கறுப்புச் சேறு. டோர் பெண்ட் இல்லாவிட்டால் பிளம்பரைக் கூப்பிட்டு எல்போவை அறுத்து ஒன்று மாட்டிவிடுவதே மேல். ஆசிட் வேண்டவே வேண்டாம். சருகையும் மணலையும் அது கரைக்காது, தளத்துச் சிமெண்ட் பூச்சைத்தான் அரிக்கும்.

ஜாலி தட்டையாக இருந்தால் ஒரே ஒரு பாதாம் இலை போதும், மூடிக்கொள்ளும். குமிழ் வடிவ ஜாலியில் மேலே இலை விழுந்தாலும் பக்கவாட்டில் தண்ணீர் போகும். கொசுவலை கட்டுகிறவர்கள் உண்டு. முதல் மழையிலேயே தூசி அப்பிக்கொள்ளும்.

குழாய் வாயைச் சுற்றி விரிசல் இருந்தால் நீர்க்கசிவு தடுக்கும் கலவையைக் காய்ந்த தளத்தில் பூசுங்கள். மழை விட்டு இரண்டு மணி நேரமாகியும் தண்ணீர் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். அங்கே தளத்தின் வாட்டம் (சரிவு) சரியில்லை, கோடையில் கொத்தனாரை வைத்துத்தான் சரிசெய்ய முடியும்.

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல வீடுகளில் இதே குழாய் வடிகட்டும் தொட்டிக்குப் போகும். சீசனின் முதல் மழையை அதில் விடாமல் வெளியே திருப்புங்கள். தொட்டியின் மேல்மணலை இரண்டு இஞ்ச் வழித்தெடுத்து அலசிப் போடுங்கள். மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை ஜாலியைப் பார்த்தால் போதும். புயல் காற்று அடித்தால் மட்டும் மறுநாள் காலையிலேயே மாடி ஏறுங்கள்.