அமாவாசையன்று கோசாலை வாசலில்

மாயூரம் துலாக்கட்டத்தில் தர்ப்பணத்தை முடித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு பசுவைத் தேடி வருகிறவர்களால் ஆடி, தை அமாவாசைகளில் எங்கள் கோசாலை வாசல் நிறைந்துவிடும். மகாளய அமாவாசைக்குக் கேட்கவே வேண்டாம். யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. அகத்திக்கீரைக் கட்டு, வாழைப்பழச் சீப்பு, வெல்லம், வீட்டில் வடித்த சோறு என்று ஏதாவது இருக்கும். புதிதாகக் கோசாலை தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஆளை உள்ளே விடுங்கள், கையில் இருப்பதை வாசலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சோறுதான் பெரிய ஆபத்து. மாட்டின் முதல் வயிறு வைக்கோலையும் புல்லையும் மெதுவாக நொதிக்க வைத்துச் செரிப்பது. சோறும் பொங்கலும் வெல்லமும் அங்கே போய் விறுவிறுவென்று புளித்து அமிலமாகிவிடுகின்றன. மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும், இடது பக்க வயிறு உப்பும், படுத்தால் எழாது. உயிரே போய்விடுவதும் உண்டு. ஒருவர் ஒரு கவளம் ஊட்டினால் ஒன்றும் ஆகாது. வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் வாசலுக்கு அருகில் கட்டியிருக்கும் அதே பசுவுக்கு ஆளுக்கொரு கவளம் ஊட்டுவதால்தான் வினை வருகிறது.

ஆகவே வாசலில் இரண்டு அன்னக்கூடைகளை வையுங்கள், ஒன்று கீரைக்கு, ஒன்று சோறு, பழத்துக்கு. பக்கத்தில் முகம் சுளிக்காத ஒருவரை உட்கார வையுங்கள். "வாருங்கள் அம்மா, இதை நாங்களே அளந்து எல்லா மாட்டுக்கும் பிரித்து வைக்கிறோம், நீங்கள் இந்தப் புல்லை உங்கள் கையால் போடுங்கள்" என்று சொல்லி ஒரு பிடி புல்லைக் கொடுத்துவிட்டால் யாரும் மனம் கோணுவதில்லை. பித்ரு காரியம் முடித்து வந்தவர்கள் அவர்கள். வெடுக்கென்று பேசிவிடக் கூடாது. மிஞ்சிய சோறு எருக்குழிக்குத்தான் போகும் என்பதைக் கேட்பவர்களிடம் மறைக்காதீர்கள். அடுத்த முறை ஒரு கட்டு வைக்கோல் வாங்கித் தரச் சொல்லுங்கள், பலர் தருகிறார்கள்.

கீரைக் கட்டை அப்படியே கவணையில், அதாவது தீனித் தொட்டியில், போடாதீர்கள். முன்பு வாழைநாரால் கட்டி வந்தது, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் கயிறு. கட்டை மடியில் வைத்துக் காம்புப் பக்கம் விரித்துப் பாருங்கள். வெளியே தெரியும் முடிச்சை அறுத்தவுடன் வேலை முடிந்தது என்று தோன்றும். உள்ளே சின்னச் சின்னப் பிடிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பச்சை நூலால் சுற்றியிருப்பார்கள். காம்பின் நிறத்தோடு நிறமாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, விரலால்தான் தடவிப் பார்க்க வேண்டும். மாடு அவசரமாக விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசைபோடும். நூலைத் துப்பத் தெரியாது. அது வயிற்றிலேயே தங்கிவிடும். அறுத்த நூலைக் கீழே போடாமல் மூடி போட்ட டப்பாவில் போடுங்கள்.

வருகிறவர்கள் மிதித்து வர வாசலில் சலவை சோடாக் கரைசலில் ஊறிய சாக்கை விரித்து வைப்பது, மாட்டுக்கு வாயிலும் காலிலும் புண் வரும் கோமாரி என்ற தொற்றுநோய்க்காக. பத்து லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சோடா. சந்தைக்கோ வேறு கொட்டிலுக்கோ அன்று போய் வந்தவர்களைக் கயிற்றுக்கு வெளியிலிருந்தே கும்பிடச் சொல்லுங்கள்.

பசுவின் பின்புறத்தில் லட்சுமி வாசம் செய்கிறாள் என்பது நம் நம்பிக்கை. அதனால் பெரியவர்கள் நேரே பின்னால் போய் வாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள். மாட்டுக்கு ஏறக்குறைய சுற்றிலும் பார்வை உண்டு, நேர் பின்னால் மட்டும் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து ஒரு கை பட்டால் உதைக்கத்தான் செய்யும். வேண்டாம் என்று தடுப்பதைவிட வழி செய்து கொடுப்பது மேல். சாதுவான ஒரு கிழப் பசுவைத் தனியே கட்டி, அதற்குப் பழகிய ஆள் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். கும்பிடுகிறவர் தோள் பக்கமாக வந்து, குரல் கொடுத்து, முதுகைத் தடவிக்கொண்டே பின்பக்கம் வந்து தொடட்டும். கன்று ஈன்ற பசுவின் பக்கம் யாரையும் விடாதீர்கள், கர்ப்பிணிகளை நிச்சயமாக விடாதீர்கள். கருச்சிதைவு நோய் உள்ள மாட்டின் நஞ்சுக்கொடியிலிருந்தும் காய்ச்சாத பாலிலிருந்தும் மனிதருக்குத் தொற்றும். கறந்த சூட்டோடு பால் கேட்கிறவர்களுக்கும் இதையே சொல்லுங்கள். கோமியத்தைத் தீர்த்தமாகக் குடிக்கக் கேட்டால் கொடுக்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி மாட்டின் சிறுநீரிலும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டில் முழுக்கச் சேறாக இருக்கும்போது, காலில் புண் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. அவர்களுக்காகச் சில ஜோடி ரப்பர் செருப்புகளைக் கழுவி வையுங்கள். கோசாலைச் செருப்பு என்று சொன்னால் போட்டுக்கொள்வார்கள்.

பிள்ளைகளுக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்காது. எங்களிடம் உம்பளச்சேரி இன மாடுகள் உண்டு. நெற்றியில் வெள்ளைப் பொட்டும் காலில் வெள்ளையும் எந்தெந்த மாட்டுக்கு இருக்கிறது என்று தேடச் சொல்வேன். செம்பழுப்பாகத் துள்ளும் கன்று வளர வளரச் சாம்பல் நிறமாகிவிடும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், தாயைக் காட்டுவேன். கன்று நக்க நக்கச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். படர்தாமரை கன்றிடமிருந்து ஒட்டும். பிரசாதத்தில் கை வைப்பதற்கு முன் சோப்பு போட்டுக் கழுவ வையுங்கள். தண்ணீர்க் குழாய் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

வருகிறவர்களின் பெயர், ஊர், தொலைபேசி எண், எந்தக் கொட்டிலில் நின்றார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். இதைப் பலர் வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். வெறிநாய் கடித்த மாட்டுக்கும் வெறி வரும். எச்சில் வடித்து, தீனி எடுக்காமல், அடிக்கடி கத்துகிற மாட்டைக் கண்டால் உடனே ஆட்களை விலக்கிவிட்டு 1962 கால்நடை ஆம்புலன்ஸை அழையுங்கள், வாய்க்குள் கை விடாதீர்கள். வெறி என்று மருத்துவர் சந்தேகித்தால் அன்று மாலையே நோட்டை எடுத்து, கையால் ஊட்டியவர்கள் ஒவ்வொருவரையும் அழைத்து, எச்சில் பட்ட இடத்தைச் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.