நிலவெப்ப ஹீட் பம்பா? ராத்திரியில் சூட்டை இறக்காதீர்கள்
டொராண்டோ பக்கம் ஜனவரியில் வெளியே மைனஸ் 20 குளிர் அடித்தாலும், ஆழத்தில் மண் சுமார் 10 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டைக் குழாய் வழியே வீட்டுக்குள் இழுப்பதுதான் நிலவெப்ப ஹீட் பம்ப். ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, நான்கு யூனிட் சூடு.

கேஸில் எரியும் ஃபர்னஸ் வைத்திருந்த பழக்கத்தில் ராத்திரி வீட்டுச் சூட்டை 16 டிகிரிக்கு இறக்கி, காலையில் சட்டென்று 21-க்கு ஏற்றாதீர்கள். பம்ப் நிதானமாகத்தான் சூடாக்கும். அவசரப்படுத்தினால் துணைக்கு இருக்கும் மின் ஹீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். அதில் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான். தெர்மோஸ்டாட் திரையில் ‘ஆக்ஸ்’ (Aux) என்று காட்டினால் அந்தத் துணை ஹீட்டர் ஓடுகிறது, பில் எகிறுகிறது என்று அர்த்தம். ஒரே அளவில் விட்டுவிடுங்கள். மிஞ்சிப்போனால் 1, 2 டிகிரி குறைக்கலாம்.

மாதம் ஒரு தடவை ஏர் ஃபில்டரைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.