மனச்சோர்வு மாத்திரை: ‘கேக்கல’ என்று நிறுத்துவதில் தொடங்கும் தவறுகள்

“பத்து நாள் போட்டேன், ஒண்ணும் கேக்கல, வயித்தப் பெரட்டுது, நிறுத்திட்டேன்.” மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அவர்கள் சொல்வது பொய்யில்லை. நிறுத்திய நேரம்தான் தப்பு.

எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸெடின் ஆகியவை, மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் செயலைக் கூட்டும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை. பெரும்பாலும் டாக்டர்கள் முதலில் எழுதுவது இவற்றைத்தான். பலன் தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, படபடப்பு எல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். கெட்டது முந்தி, நல்லது பிந்தி என்று முன்னாடியே தெரிந்திருந்தால் பாதிப் பேர் நிறுத்தமாட்டார்கள் என்பது என் எண்ணம். பலருக்கு இந்தத் தொந்தரவுகள் ஓரிரு வாரத்தில் அடங்கும். சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும்.

தானாக அடங்காத ஒன்றும் உண்டு: தாம்பத்திய ஆசை குறைவது, உச்சம் தள்ளிப்போவது. டாக்டரிடம் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, வீட்டுக்கும் தெரியாமல் மாத்திரையைக் குப்பையில் போடுபவர்கள் இருக்கிறார்கள். சொன்னால் அளவைக் குறைக்கலாம்; இந்தத் தொல்லை குறைவாக உள்ள மிர்டாசபின், புப்ரோபியான் போன்றவற்றுக்கு மாற்றலாம். மிர்டாசபினில் பசியும் எடையும் கூடும், தூக்கம் நன்றாக வரும். யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டரிடம் மனம்விட்டுப் பேசித்தான் முடிவுசெய்ய முடியும்.

அடுத்தது, “இப்ப நல்லாத்தானே இருக்கேன்” என்று நிறுத்துவது. குணமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடர வேண்டும். ஏற்கெனவே திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இன்னும் நீளும். கடலூர் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். மாவட்ட அரசு மருத்துவமனையில் பார்த்தால் தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்று பாண்டிச்சேரிக்கு, பலர் கோரிமேடு ஜிப்மருக்கே, பஸ் ஏறுகிறார்கள். போகட்டும், தவறில்லை. ஆனால் அடைமழையோ வீட்டில் விசேஷமோ வந்து அடுத்த தடவை தள்ளிப்போனால், கையிருப்பு தீர்ந்து மருந்து திடீரென நின்றுவிடும். இரண்டொரு நாளில் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் சுரீரென்று கரண்ட் பாய்வதுபோல் உணர்வு. பாராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மாத்திரைகளில் இது கடுமை; உடம்பில் நெடுநாள் தங்கும் ஃபுளுவாக்ஸெடினில் குறைவு. “அடிமையாகிவிட்டோம்” என்று பயப்பட வேண்டாம், இது அடிமைத்தனம் இல்லை. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே சீட்டோடு கிளம்புங்கள். நிறுத்துவதானால் டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உண்மையில் பழக்கமாகிவிடக்கூடியவை குளோனசெபாம், அல்பிரசோலம் மாதிரியானவை. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொஞ்ச நாளைக்கு எழுதுவது. உடனே கேட்பதால், மனச்சோர்வு மாத்திரையை விட்டுவிட்டு இதை மட்டும் மெடிக்கலில் வாங்கி வருடக்கணக்கில் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரைகளும் உண்டு. உங்கள் அட்டையில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு வையுங்கள்.

மனச்சோர்வு மாத்திரையோடு மூட்டுவலிக்கு டிரமடால், இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள சிரப் என்று கேட்காமல் சேர்த்தால் செரட்டோனின் அளவு மீறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம். எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரையோடு டைக்ளோஃபெனாக்கோ ஆஸ்பிரினோ சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கித் தள்ளாட்டமும் குழப்பமும் வரலாம். வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். மது பற்றிப் பாண்டிச்சேரிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: மயக்கம் கூடும், மருந்தின் பலனும் கெடும்.

பழைய வகை மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலினை நரம்புவலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுப்பார்கள். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், சிறுநீர் அடைக்கலாம். அளவு மீறினால் இதயத்துடிப்பே குலையும். வீட்டில் மனமுடைந்தவர் இருந்தால் இதன் அட்டையை வேறொருவர் பூட்டி வைப்பது நல்லது.

‘அவருக்குக் கேட்டதே’ என்று பக்கத்து வீட்டுக்கு மாத்திரை கொடுக்காதீர்கள். சோர்வும் மிதமிஞ்சிய எழுச்சியும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு (பைபோலார்) மனச்சோர்வு மாதிரியே தெரியலாம்; அதில் இந்த மாத்திரை அந்த எழுச்சியைக் கிளப்பிவிடலாம்.

24 வயது வரையிலானவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007 முதல் எச்சரிக்கிறது. மருந்து தொடங்கியபோதும் அளவு மாறும்போதும் பிள்ளை தூங்காமல் அலைந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அடுத்த ஓ.பி. நாள்வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். நடுராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 108.